மூன்று நாள் மாவு

எடைமேடை அறையில் உட்கார்ந்துகொண்டுதான் அக்கா அந்தத் தாளைப் படித்தாள். வெளியே ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று மேடைமேல் நின்றது. எடை வந்துவிட்டது, சீட்டு அடித்துக் கொடுப்பதுதான் பாக்கி. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அக்கா தலை நிமிரவில்லை.

அவளை அங்கே எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்த டிரைவர்கள்கூட. பத்தொன்பது வருஷமாக அந்த மேடையில் வேலை. ஒரு கிலோ கூட்டியும் எழுதமாட்டாள், குறைத்தும் எழுதமாட்டாள் என்று பெயர். சிரித்துப் பேசிச் சரிக்கட்டப் பார்த்தவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

தாளைக் கொண்டுவந்தவள் தங்கையின் மகள். ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. நகராட்சியின் நினைவு நாள் குழு எல்லாப் பள்ளிகளுக்கும் அதை அனுப்பியிருந்தது. சனிக்கிழமை நினைவு நாள், ஊருக்கே விடுமுறை. திங்கட்கிழமை எல்லா வகுப்பிலும் வாசித்துக் காட்ட வேண்டுமாம். அம்மா சம்பந்தப்பட்டதாயிற்றே, பெரியம்மா ஒருமுறை பார்க்கட்டும் என்று பள்ளி விட்டதும் நேரே வந்திருந்தாள்.

மேலே பூ போட்ட பார்டர். நடுவில் ‘நினைவு ரொட்டி பிறந்த கதை’ என்று தலைப்பு. கீழே இப்படி:

‘இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்க் குடைத் தொழிற்சாலையில் நேர்ந்த தீ விபத்தில் ஒன்பது பெண்கள் உயிர்நீத்தார்கள். அவர்களில் ஒருத்தியின் வயதான தாய், தன் கண்ணீரை மாவில் கலந்து பிசைந்து, மறைந்தவர்களின் பயணம் இனிக்க வேண்டும் என்று இனிப்பு ரொட்டி சுட்டு எடுத்துச் சென்றார். தொழிற்சாலை முதலாளி வாசலுக்கே வந்து, கலங்கிய கண்களுடன் முதல் துண்டைப் பெற்றுக்கொண்டார். அன்று தொடங்கியதே நாம் ஆண்டுதோறும் ரொட்டி பகிரும் இந்த இனிய மரபு.’

அக்கா இரண்டு தடவை படித்தாள். பிறகு சீட்டை அடித்து டிரைவரிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு சட்டென்று நகர்ந்தான். அவள் முகம் அப்படி இருந்தது.

“வயதான தாய்னா யாரு?” என்று கேட்டாள்.

தங்கை மகள் தயங்கினாள். “உங்களைத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன் பெரியம்மா. மாத்தி எழுதிட்டாங்க போல.”

“எனக்கு அப்போ இருபத்தொன்பது வயசு. ஒரு சொட்டு அழல. சர்க்கரை போடல. அந்த முதலாளி வாசலுக்கு வரவே இல்ல. நாலு வரிக்கு நாலு பொய்.”

நடந்தது வேறு.

தங்கைக்கு ரொட்டி சுடுவதில் பைத்தியம். யாரோ வீடு காலி செய்தபோது விட்டுவிட்டுப் போன சின்ன ஓவன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, கம்பி மாற்றி, கதவுக்குக் கீல் வைத்து, சமையலறை ஜன்னலோரம் நிறுத்தியிருந்தாள். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது. நடுவில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். அதற்காக அடுப்பின் முன் முக்காலி போட்டு, யாரையும் உள்ளே விடாமல் காவல் உட்கார்ந்திருப்பாள். அக்காவும் அப்போது அதே வீட்டின் மாடியில்தான் இருந்தாள். வாசனை வந்ததும் தங்கையின் மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வருவாள்.

அன்று காலையில் தங்கை மாவு பிசைந்து, எவர்சில்வர் பேசினில் போட்டு, ஈரத் துணியால் மூடி, மேலே தட்டு கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து சுடுவதாகத் திட்டம். பதினொரு மணிக்குத் தொழிற்சாலையில் பசை ஒட்டும் அறையில் தீப்பிடித்தது. முன்பக்கம் தீ. பின்பக்கம் கதவு இருந்தது. அது வெளியே பூட்டியிருந்தது. துணித்துண்டு திருடிக்கொண்டு போகிறார்கள் என்று தினமும் மணி அடித்ததும் பூட்டிவிடுவார்கள். தங்கையோடு சேர்த்து ஒன்பது பேரையும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் கண்டெடுத்தார்கள்.

உடல்களைக் கொடுக்க மூன்று நாள் ஆக்கினார்கள். மூன்று நாளும் ஒன்பது வீட்டு ஆட்களும் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே நின்றார்கள். உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை. விசாரணை நடக்கிறது, விசாரணை நடக்கிறது என்று காவலாளி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அடக்கம் முடிந்து, குளிப்பதற்காக வீட்டுக்கு வந்த அக்காவை ஒரு புளித்த வாடை சமையலறைக்கு இழுத்துப் போனது. மாவு பொங்கி வழிந்து, தட்டைத் தள்ளி, மறுபடி அமுங்கி, சாம்பல் நிறத்தில் கிடந்தது.

அதைக் கொட்டியிருக்கலாம். கொட்ட அவளுக்குக் கை வரவில்லை. அது துக்கத்தால் அல்ல, ஆத்திரத்தால். இவள் சாயங்காலம் வந்து சுடப் போகிறேன் என்று வைத்துவிட்டுப் போனதை எவனோ வரவிடாமல் பண்ணிவிட்டான், நான் அதைச் சாக்கடையில் ஊற்றி அவனுக்கு உதவி பண்ண வேண்டுமா என்று தோன்றியது. அப்படியே தட்டில் ஊற்றிச் சுட்டாள். தட்டையாக, கருகலாக, வாயில் வைத்தால் பல் கூசுகிற புளிப்போடு வந்தது. தட்டோடு தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனாள். அடக்கம் முடிந்தும் ஒன்பது வீட்டு ஆட்களும் அங்கேதான் திரும்பி வந்து நின்றிருந்தார்கள். வேறு எங்கே போவதென்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு துண்டு பிய்த்துக் கொடுத்தாள். “தின்னுங்க. தின்னுட்டு எல்லாரும் சேர்ந்து கேளுங்க, கதவை யார் பூட்டினதுன்னு” என்றாள். கேட்டார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை.

அடுத்த வருஷம் அதே நாளில், யாரும் சொல்லாமலே, ஒன்பது வீட்டிலும் மூன்று நாள் முன்பே மாவு பிசைந்து வைத்தார்கள். ஓவன் இல்லாதவர்கள் மூடிய பாத்திரத்தில் சுட்டார்கள். தின்றார்கள், கேட்டார்கள். அவ்வளவுதான் அந்த மரபு.

மறுநாள் புதன்கிழமை அக்கா அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். குழுவின் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மேஜைமேல் பென்சில்களைச் சீவி வரிசையாக அடுக்கியிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். சனிக்கிழமை மேடையில் முதல் ரொட்டியை அவள் கையால்தான் வெட்ட வேண்டும், பொன்னாடை சொல்லியாகிவிட்டது என்றார்.

தாளை அவர் முன்னால் வைத்து, இதை யார் எழுதியது என்று கேட்டாள் அக்கா. தான்தான் எழுதியது என்றார். சின்னப் பிள்ளைகளுக்கான கதை, அதில் பூட்டு, புகை என்றெல்லாம் எழுத முடியுமா, அழுதுவிடுவார்களே என்றார். ஊர் ஒற்றுமை, நல்லிணக்கம் என்று நாலைந்து வார்த்தை சொன்னார். அக்கா, லாரிக்காரர்கள் கதை சொல்லும்போது எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டாள்.

“பூசி மெழுகினது போதும் சார். அந்த ஆள் வாசலுக்கு வந்து ரொட்டி வாங்கினான்னு எழுதியிருக்கீங்க. யார் பார்த்தது?”

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “நானா கற்பனை பண்ணலம்மா. உங்க வீட்டு மாப்பிள்ளைதான் சொன்னார். கைப்பட எழுதியே கொடுத்தார்.” ஃபைலைத் திறந்து காட்டினார். தங்கை கணவரின் எழுத்துதான். சாய்வாக, இடம் விட்டு இடம் விட்டு எழுதுகிற குமாஸ்தா கையெழுத்து. முதலாளி, கலங்கிய கண், முதல் துண்டு எல்லாம் அதில் இருந்தது.

அவள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு அவருக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். “இனிப்பு விஷயத்துல எங்களைக் கோவிச்சுக்காதீங்க. முதல்ல சர்க்கரை போட்டது நீங்கதானாமே” என்றார்.

அது உண்மை. அதுதான் சுட்டது. நாலாவது வருஷம் தங்கை மகளுக்கு ஏழு வயது. கேட்டருகே எல்லோர் முன்னாலும் ரொட்டியைத் துப்பிவிட்டு, அம்மா ரொட்டி நாறுது என்று அழுதாள். தாயில்லாப் பிள்ளை அழுகிறதே என்று அடுத்த வருஷம் அக்கா ஒரு கை சர்க்கரை போட்டாள். அதற்கடுத்த வருஷம் மற்ற வீடுகளிலும் போட்டார்கள். ஒருத்தி உலர்திராட்சை போட்டாள். பேக்கரிக்காரர் மேலே க்ரீம் தடவிக் கடையில் வைத்தார். தொழிற்சாலை மூடி, கேட்டைப் பிடுங்கி, கட்டிடத்தை விழா மண்டபமாக்கினார்கள். கேட்பதற்குக் கேட் இல்லாமல் போனதும் கேள்வியும் நின்றது. தின்பது மட்டும் நிற்காமல் நடந்தது. அதற்கு நகராட்சி விடுமுறையும் விட்டது.

தன்மேல் இருந்த கோபமும் சேர்ந்துகொள்ள, அக்கா அங்கிருந்து நேராகத் தங்கை கணவர் வீட்டுக்கு நடந்தாள்.

அவர் அதே தொழிற்சாலையில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தவர். விபத்துக்குப் பிறகும், மூடும்வரை அங்கேதான் இருந்தார். பிள்ளையை வளர்க்க வேண்டுமே என்று அக்காவும் அதைத் தவறாக நினைத்ததில்லை. அதிர்ந்து பேசாத மனிதர். அப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து உளுத்துப்போன ஜன்னல் சட்டத்துக்கு மக்கு பூசிக்கொண்டிருந்தார். மகள் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை.

அக்கா உட்காரவில்லை. “மாப்பிள்ளை, அந்த ஆள் ரொட்டி வாங்கினதை நீங்க எப்போ பார்த்தீங்க?”

அவர் கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தார். ஏதோ ஞாபகப் பிசகு என்று ஆரம்பித்தார். பழைய கதையைக் கிளறி யாருக்கு என்ன லாபம் என்றார். மகளுக்குக் கல்யாணப் பேச்சு வரும் நேரம் என்றார். ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி, அவள் நின்ற இடத்தைவிட்டு நகராததைப் பார்த்து, கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சாவி என் நாற்காலிக்குப் பின்னாடி ஆணியில தொங்கும்க்கா.”

அக்காவுக்கு முதலில் புரியவில்லை.

தினமும் மணி அடித்ததும் சூப்பர்வைசர் வந்து சாவியை எடுத்துக்கொண்டு போவாராம். பின்கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து ஸ்டோரில் மாட்டுவாராம். முதலாளி உத்தரவு. அன்றும் மாட்டினார். தீ என்று சத்தம் வந்ததும் எல்லோரும் முன்வாசல் வழியாக ஓடினார்கள். இவரும் ஓடினார். தெருவுக்கு வந்து நின்று, மனைவியைத் தேடி, பசை அறைப் பெண்கள் ஒருத்தியும் வெளியே இல்லை என்று தெரிந்தபோதுதான் சாவி ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினார். ஸ்டோர் வாசலிலேயே புகை தள்ளிவிட்டது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். கதவு பூட்டியிருந்தது என்று வந்தால் சாவி யாரிடம் இருந்தது என்ற கேள்வியும் வரும், யோசித்துக்கொள் என்றார். கதவு திறந்தே இருந்தது, சூட்டில் இறுகிப்போயிருக்கலாம் என்று டைப் அடித்த தாளை நீட்டினார். இவர் கையெழுத்துப் போட்டார். ஸ்டோர் குமாஸ்தாவே, அதுவும் செத்தவளின் கணவரே சொல்லும்போது வேறு சாட்சி எதற்கு என்று விசாரணை முடிந்தது.

“வருஷா வருஷம் நீங்க கேட்டீங்களே, கதவை யார் பூட்டினதுன்னு. என் மூஞ்சியைப் பார்த்துத்தான் கேக்கறீங்கன்னு நெனைப்பேன். கேட் போன பிறகும் அந்தக் கேள்வி மறுபடி வராம இருந்தாப் போதும்னு இருந்துச்சு. அதான் இந்தக் கதையை எழுதிக் கொடுத்தேன்.”

அக்காவுக்கு அந்த ஜன்னலை அப்படியே பெயர்த்து அவர் தலையில் போடலாம் போல வந்தது. மூன்று நாளும் கேட்டருகே அவர் தன் பக்கத்திலேயே நின்றது ஞாபகம் வந்தது. புளித்த ரொட்டியை அவரும் வாங்கித் தின்றார். கூடச் சேர்ந்து கேட்கவும் செய்தார், வாயை மட்டும் அசைத்திருப்பாரோ என்னவோ.

“நீ ஓடினதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவரை அவள் நீ என்றதில்லை. “நெருப்புன்னா எல்லாரும்தான் ஓடுவாங்க. நானும் ஓடியிருப்பேன். ஆனா உக்காந்து, பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட்டியே. அதுக்கு எந்த நெருப்பு துரத்துச்சு?”

அவர் அழுதார். அவள் அழுகை முடியக் காத்திருந்தாள், ஆறுதலாக அல்ல, பேச்சு பாக்கி இருந்ததால்.

“சனிக்கிழமைக்குள்ள உன் பொண்ணுகிட்ட நீயே சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன். நான் எதையும் கூட்டிச் சொல்றவ இல்ல. ஆனா இப்போ இருக்கிற ஆத்திரத்துல எனக்கு எடை சரியா நிக்காது.”

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேசின் மாவு பிசைந்தாள். அரிசி மூட்டையைத் தூக்கிப் போடுகிறவள் மாதிரி பலகையில் அடித்து அடித்துப் பிசைந்தாள். கீழ்வீட்டுக்காரி மேலே வந்து, என்ன சத்தம், சுவரில் ஆணி அடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனாள். சர்க்கரை டப்பாவைத் தொடவில்லை.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் பந்தல், ஒலிபெருக்கி, வரிசையாக நாற்காலிகள். பேக்கரிக்காரர் கட்டில் நீளத்துக்கு ஒரு ரொட்டி செய்து, மேலே வெள்ளைக் க்ரீமில் ஒன்பது பூ வைத்திருந்தார். செயலாளர் பொன்னாடையோடு மேடையில் காத்திருந்தார். அக்கா உள்ளே போகவில்லை. முன்பு கேட் இருந்த இடம் இப்போது வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு வழி. அங்கே இரண்டு தட்டுகளோடு நின்றாள். ரொட்டி கருப்பாக, தட்டையாக, பார்க்கவே சகிக்காமல் இருந்தது.

ஒன்பது வீடுகளில் நான்கு வீட்டு ஆட்கள்தான் இப்போது ஊரில் இருந்தார்கள். அவள் நிற்பதைப் பார்த்து ஒவ்வொருவராக நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்கள். ஒரு அம்மாள் துண்டை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை இறுக்கினாள். “இதுதான். இதேதான்” என்றாள்.

தங்கை மகள் வந்தாள். இரண்டடி பின்னால் அவள் அப்பா வந்தார். அவள் கண் சிவந்து வீங்கியிருந்தது. அவர் சொல்லிவிட்டார் என்று அக்காவுக்குத் தெரிந்தது. மகள் ரொட்டியை வாங்கி, ஏழு வயதில் துப்பியதை இப்போது மென்று விழுங்கினாள். அப்பாவும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

நான்கு வீட்டுக்காரர்களும் சேர்ந்து கேட்டார்கள். பல வருஷம் கேட்காததால் ஒன்றாக வரவில்லை, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக வந்தது. “கதவை யார் பூட்டினது?”

“சூப்பர்வைசர்” என்றார் தங்கை கணவர். தரையைப் பார்த்துச் சொன்னது பக்கத்தில் இருந்தவர்களுக்கே எட்டவில்லை.

“கேக்கலப்பா” என்றாள் மகள். “இன்னொரு தடவை சொல்லுங்க.”

இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னார். முதலாளி சொல்லி சூப்பர்வைசர் பூட்டினார், சாவி என்னிடம் இருந்தது, கதவு திறந்திருந்தது என்று நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று முழுதாகச் சொன்னார். அந்த அம்மாளின் மகன், நாற்பது வயது வெல்டர், அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். அக்கா பிடித்து விலக்கவில்லை. அவனாகவே விட்டான். விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

பந்தலில் பேச்சு நின்றிருந்தது. நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து, இதையெல்லாம் விழா முடிந்து உட்கார்ந்து பேசலாமே என்று குழைந்தார். தங்கை மகள் கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

“இதை நான் வாசிக்கமாட்டேன் சார்.”

“பிள்ளைங்களுக்கு எப்படிம்மா நீ அதைச் சொல்லுவே?”

“கதவு பூட்டியிருந்துச்சு, அதனால அவங்களால வெளிய வர முடியலன்னு சொல்லுவேன். ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைக்கு இது புரியும்.”

அன்று மேடையில் ரொட்டியை யாரோ ஒரு கவுன்சிலர் வெட்டினார். பாதிப் பேர் அதற்குள் எழுந்து போயிருந்தார்கள்.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. முதலாளி ஆறு வருஷம் முன்பே செத்துப்போயிருந்தார். சூப்பர்வைசர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தங்கை கணவர் காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவருக்கு அதை எந்த ஃபைலில் வைப்பது என்று தெரியவில்லை, மூன்று மேஜை மாறி மாறிக் கொடுத்தாராம். குழு புதுத் தாள் அச்சடித்தது. அதில் ‘பின்கதவு பூட்டப்பட்டிருந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். தன் பள்ளிக்கு வந்த கட்டு முழுவதையும் தங்கை மகள் அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து, ஆளுக்கொரு பேனாவோடு, ஒவ்வொரு தாளிலும் ‘பூட்டப்பட்டிருந்தது’ என்று திருத்தினார்கள்.

அவள் நான்கு மாதம் பெரியம்மாவோடு இருந்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பிப் போனாள். அவருக்குச் சர்க்கரை நோய், தனியாக விட முடியாது. சோறு போடுகிறேன், பேசத்தான் வரவில்லை என்று அக்காவிடம் சொன்னாள். பேசு என்றும் பேசாதே என்றும் அக்கா சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பேக்கரியில் க்ரீம் ரொட்டி விற்கத்தான் செய்தது. பழைய கேட் இருந்த இடத்தில் நான்கு வீட்டுக்காரர்களோடு இன்னும் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். சிலர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். சிலர் வீட்டில் மூன்று நாள் மாவு வைத்துச் சுட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அக்கா தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தன் கையால் பிய்த்துக் கொடுத்தாள். வரிசையின் கடைசியில் தங்கை கணவர் நின்றிருந்தார். அவர் முன்னால் வந்ததும் அவள் கை நின்றது. தட்டை மட்டும் அவர் பக்கம் நீட்டினாள். அவராகவே ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.